மறுகால் பாயும் பொறுப்பு



இந்த உரைக்கான அழைப்பிதழில் 'குடைக் காப்பீடு' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "என்ன அண்ணாச்சி, குடைக்குமா இன்சூரன்ஸ் வந்துட்டு?" என்றார். சிரித்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பெயர் எனக்கும் பிடித்ததில்லை. 'அம்ப்ரெல்லா பாலிசி' என்ற ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. குடை என்றால் முதல் துளி விழும்போதே விரித்துவிடுவோம். இந்தப் பாலிசியோ முதல் துளிக்கு விரியாது, தூறலுக்கும் விரியாது. மழை ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் விரியும். அப்படி ஒரு குடையை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

நம் ஊரில் இதற்குப் பொருத்தமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. மறுகால்.

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் குளங்களை நிரப்புகின்றன. ஒரு குளம் நிரம்பினால் கரை உடையக் கூடாது. அதற்காகக் கரையின் ஓரிடத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் ஒரு தளம் கட்டி வைத்தார்கள். நீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த குளம். ஒவ்வொரு குளத்துக்கும் கொள்ளளவு உண்டு. அந்தக் கொள்ளளவு எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த குளத்தின் வேலை தொடங்குகிறது. பெரிய இழப்பீடுகளுக்கான காப்பீடு முழுவதும் இந்த ஏற்பாடுதான். தொழிலதிபர் வாங்கும் முதல் பாலிசி, முதல் குளம். அதன் உச்சவரம்பு, மறுகால் மட்டம். குடைப் பாலிசி என்பது கீழே காத்திருக்கும் இரண்டாவது குளம்.

இந்த உவமையை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. இந்திய இழப்பீட்டுச் சட்டத்தின் கதையே ஒரு குளம் உடைந்ததில்தான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்றொரு ஆலை முதலாளி தன் ஆலைக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டார். அடியில் பழைய சுரங்கக் குழிகள் இருந்ததை அவர்கள் சரியாக அடைக்கவில்லை. நீர் இறங்கிப் பக்கத்தில் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி மேல் கவனக்குறைவு இல்லை. இருந்தும் 1868-இல் பிரபுக்கள் சபை அவர்தான் பொறுப்பு என்றது. ஆபத்தான ஒன்றை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தாய், அது தப்பி வெளியே போனால் நீதான் கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆறே வருடத்தில் அதே கேள்வி நம் பக்கத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. கார்வேட்நகர் ஜமீன், அன்று வடஆற்காடு மாவட்டம், இன்று ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டம். ஜமீனுக்குள் இருந்த குளங்கள் மழையில் உடைந்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வழக்குப் போட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் தன் லாபத்துக்காகத் தேக்கினார். இந்தியாவின் குளங்களோ நினைவுக்கெட்டாத காலம் தொட்டு மக்களின் உயிருக்காக இருப்பவை. ஜமீன்தார் நினைத்தாலும் குளத்தை மூடிவிட முடியாது. அதைப் பராமரிப்பது அவருக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் கூட. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்காதவரை அவர் மேல் பொறுப்பு இல்லை.

இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்கியதில்லை. லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்கு நம் குளம் என்பது ஒருவரின் சொத்து அல்ல, ஊரின் உயிர் என்று புரிந்திருக்கிறது. அதே சமயம் அவர்கள் ஒரு கோட்டையும் போட்டுவிட்டார்கள்: ஊருக்காக வைத்திருப்பவனுக்கு ஒரு நியாயம், லாபத்துக்காக வைத்திருப்பவனுக்கு வேறொரு நியாயம். அடுத்த நூறாண்டுக் கதை முழுக்க அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்ததுதான்.

1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவு. ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு ரைலண்ட்ஸ் விதியையே பின்னுக்குத் தள்ளியது. ரைலண்ட்ஸ் விதியில் முதலாளி தப்பிக்க வழிகள் இருந்தன: இயற்கைச் சீற்றம், மூன்றாம் மனிதர் செய்த செயல், இப்படி. அபாயகரமான தொழிலுக்கு அந்த வழிகள் எதுவும் கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். இன்னொன்றும் சொன்னது, காப்பீட்டுக்காரனுக்கு அதுதான் முக்கியம். நிறுவனம் எவ்வளவு பெரியதோ, எவ்வளவு வசதியானதோ, இழப்பீடும் அவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்.

1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அபாயகரமான பொருட்களைக் கையாளும் தொழிற்சாலைகள் கட்டாயமாகப் பாலிசி எடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அன்று அந்தச் சட்டத்தின் அட்டவணையில் ஓர் உயிருக்கு, குற்றம் யார் மேல் என்று கேட்காமல் உடனே தர வேண்டிய தொகை 25,000 ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். பல முதலாளிகள் அந்த 25,000-ஐத்தான் ஓர் உயிரின் விலை என்று மனதில் எழுதிக்கொண்டார்கள். நீதிமன்றங்கள் அப்படி எழுதிக்கொள்ளவில்லை.

1997 ஜூன் 13, டெல்லி உபகார் தியேட்டரில் தீ. 59 பேர் இறந்தார்கள். 2003-இல் உயர் நீதிமன்றம் 20 வயதுக்கு மேற்பட்டவருக்கு 18 லட்சமும் அதற்குக் கீழ்ப்பட்டவருக்கு 15 லட்சமும் விதித்து, அபராத இழப்பீடாக 2.5 கோடியையும் சேர்த்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை 10 லட்சம், 7.5 லட்சம், 25 லட்சம் என்று குறைத்தது. குறைத்த பிறகும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தியேட்டர், ஒரு பிற்பகல் காட்சி. மருத்துவத்தில் இன்னும் கூர்மை. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் கண் பரிசோதனையைச் சொல்லாமல் விட்டதற்காக, பார்வை போன அந்தக் குழந்தைக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி கொடுக்கச் சொன்னது. கொல்கத்தாவில் ஒரு நோயாளியின் மரணத்துக்கு 2013-இல் விதித்தது, வட்டி நீங்கலாக, 5.96 கோடி. இந்தத் தீர்ப்புகளில் எங்கேயும் நீதிபதி, "உங்கள் பாலிசி எத்தனை லட்சம்?" என்று கேட்டுவிட்டுத் தொகையை எழுதவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். பொதுக் காப்பீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பேட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று மில்லுக்கும் மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏறி இறங்கியிருக்கிறேன். நம் முதலாளிகள் பாலிசி எடுக்காதவர்கள் அல்ல. தீக்கு எடுப்பார்கள், ஏனென்றால் கடன் கொடுத்த பாங்க் கேட்கும். லாரிக்குத் தேர்டு பார்ட்டி எடுப்பார்கள், ஏனென்றால் போலீஸ் கேட்கும். பப்ளிக் லயபிலிட்டி, அதாவது பொதுப் பொறுப்பு, என்றால் மட்டும், "லைசென்ஸுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு போடுங்க" என்பார்கள். தொகையை முடிவு செய்வது தங்களால் எவ்வளவு சேதம் விளையும் என்பதல்ல, எந்த அதிகாரி என்ன கேட்பார் என்பது. முதல் குளத்தின் கரையை மழையைப் பார்த்துக் கட்டாமல் தாசில்தாரைப் பார்த்துக் கட்டினால் எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு மண்டபத்துக்காரர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவரும் இங்கே வந்திருக்கலாம். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபம் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்த செய்தியை அவரிடம் எடுத்துச் சொன்னேன். "நாப்பது வருஷமா மண்டபம் நடத்துதேன் அண்ணாச்சி. ஒரு பந்தக்கால் சாஞ்சது கிடையாது" என்றார். உண்மைதான். நாற்பது வருடம் உடையாத கரையை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே உங்களுக்கும் சொல்கிறேன். தொகைகள் உதாரணத்துக்குத்தான். நம் பப்ளிக் லயபிலிட்டி பாலிசிகளில் இரண்டு வரம்புகள் உண்டு: ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓர் ஆண்டுக்கு மொத்தம் இவ்வளவு. விபத்துக்கு 1 கோடி, ஆண்டுக்கு 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். பந்தலில் தீ, இழப்பீடு 3 கோடியே 40 லட்சம். முதல் பாலிசி 1 கோடி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்சம் 2 கோடியே 40 லட்சத்துக்கு மண்டபம், வீடு, மனைவியின் பெயரில் வாங்கிய வயல் எல்லாம் கணக்கில் வரும். 1 கோடிக்கு மேல் 5 கோடிக்கு ஒரு குடைப் பாலிசி இருந்திருந்தால் அந்த 2 கோடியே 40 லட்சமும் அங்கே பாய்ந்திருக்கும்.

கதை அத்தோடு முடிவதில்லை. அதே ஆண்டில் இன்னொரு விபத்து, 80 லட்சம். முதல் பாலிசியில் ஆண்டு வரம்பில் இன்னும் 1 கோடி இருக்கிறது, கொடுத்துவிடும். மூன்றாவதாக ஒரு 60 லட்சம். இப்போது முதல் குளத்தில் மிஞ்சியது 20 லட்சம்தான். நல்ல குடைப் பாலிசி இங்கே கீழிறங்கி வரும். மீதி 40 லட்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். முதல் குளம் வற்றிவிட்டால் இரண்டாவது குளமே முதல் குளமாகும். முதல் பாலிசியின் வரம்புக்கு மேல் மட்டும் தரும் 'எக்ஸஸ்' பாலிசியைவிடக் குடைப் பாலிசி பரந்தது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழே உள்ள பாலிசி தொடாத சில பொறுப்புகளையும், முதலாளி ஒரு தொகையைத் தன் கையிலிருந்து போட்ட பிறகு, இது எடுத்துக்கொள்ளும்.

ஒரு லாரி முதலாளிக்கு இது சட்டென்று புரியும். மோட்டார் தேர்டு பார்ட்டியில் உயிரிழப்புக்கு வரம்பே இல்லை. எவ்வளவு தீர்ப்பானாலும் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆனால் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கு, வழக்கமான வணிக வாகனப் பாலிசியில் வரம்பு 7,50,000 ரூபாய். ஒரு டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்து, வரிசையாக நாலு கடைகள் எரிந்தால்? ஏழரை லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு ரூபாயும் டேங்கர்காரர் வீட்டு ரூபாய்தான்.

இங்கே ஒரு குழியும் இருக்கிறது. நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் விழுந்த குழி. குடைப் பாலிசி எழுதும்போது, "கீழே 1 கோடிக்குப் பாலிசி இருக்கும்" என்ற உறுதியின் மேல்தான் எழுதுவார்கள். அடுத்த வருடம் பிரீமியம் மிச்சம் பிடிக்க முதல் பாலிசியை 50 லட்சமாகக் குறைத்துவிட்டு, மேலே உள்ள கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், முதல் பாலிசி 50 லட்சத்தோடு நிற்கும். குடைப் பாலிசி 1 கோடியில்தான் தொடங்கும். நடுவில் உள்ள 50 லட்சம் முதலாளியின் கையில். மறுகாலைத் தாழ்த்தாமல் கரையை மட்டும் தாழ்த்திவிட்ட கதை. நீரும் அடுத்த குளத்துக்குப் போகாது, குளத்திலும் நிற்காது.

குடையும் எல்லா மழையையும் தாங்குவதில்லை. வேண்டுமென்றே செய்த தீங்கு, அரசு விதித்த அபராதம், அணு விபத்து, போர், மெதுவாகக் கசியும் மாசு இவையெல்லாம் வழக்கமாக வெளியே. இந்தியப் பப்ளிக் லயபிலிட்டி பாலிசியில் வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் விளையும் பொறுப்பு இயல்பாகச் சேராது; கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கார்வேட்நகரில் குளங்களை உடைத்த அந்த வானத்து மழை, இன்று பாலிசியில் கேட்டு வாங்க வேண்டிய ஒரு வரியாகிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, தாமிரபரணி திருநெல்வேலி சந்திப்பு வரை ஏறி வந்தபோது அந்த வரியின் அருமை பலருக்குத் தெரிந்தது.

இந்தப் பக்கத்தில் வெளிப்படையாக, நாடாளுமன்றத்திலேயே விவாதித்து, இழப்பீட்டுக்கு அடுக்கு போட்ட ஒரு தொழில் கூடங்குளத்தில் இருக்கிறது. 2010-இல் இயற்றிய அணு விபத்துப் பொறுப்புச் சட்டம் அதை இப்படி வகுத்தது. யார் தவறு என்று கேட்காமல் முதல் பொறுப்பு ஆலையை இயக்குபவருடையது, 1,500 கோடி ரூபாய் வரை. அதற்கு மேல் பன்னாட்டு நிதியத்தின் 30 கோடி சிறப்பு எடுப்புரிமை அலகுகளின் (எஸ்.டி.ஆர்) மதிப்பு வரை அரசு. அதையும் தாண்டினால் பன்னாட்டு உடன்பாட்டு நிதி. இந்தியா அதில் 2016-இல் சேர்ந்தது. முதல் குளத்தை நிரப்ப 2015-இல் அரசின் மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீ தலைமையில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அதே 1,500 கோடிக்கு ஓர் அணுக் காப்பீட்டுத் தொகுப்பை அமைத்தன. தனி ஒரு கம்பெனியால் அதைத் தாங்க முடியாது என்பதுதான் காரணம்.

கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரையில் அந்தத் தொகை போதுமா என்று கேட்டவர்கள் காப்பீட்டுக்காரர்கள் அல்ல, மீனவர்கள். கேள்வி சரியான கேள்விதான். சட்டம் ஒரு வரம்பைப் போடும்போது கரையின் உயரத்தை மட்டும் எழுதவில்லை. அதற்கு மேல் வரும் நீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதையும் எழுதிவிடுகிறது. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், வரம்பு தாழ்வு என்றுதான் சொல்வேன். ஆனாலும் அடுக்குகள் எவை, எது எங்கே தொடங்கும், யார் கொடுப்பது என்று எழுத்தில் இருந்தது. நம் கல்குவாரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் மண்டபங்களிலும் அந்த ஒரு பக்கத் தாள் கூட இல்லை.

குடைப் பாலிசி முதலாளியைக் காப்பாற்றும் என்றுதான் ஏஜென்ட்கள் விற்கிறார்கள். நானும் அப்படித்தான் விற்றேன். வருடங்கள் போகப் போக எனக்கு வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. மோட்டார் விபத்தில் அடிபட்டவருக்குக் காப்பீட்டுக் கம்பெனியை நேராகக் கூண்டில் நிறுத்தும் உரிமை உண்டு. மற்ற விபத்துகளில் அடிபட்டவருக்குப் பாலிசி இருப்பதே தெரியாது. தீர்ப்பை வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டு வாசலில் நிற்பார். அங்கே சொத்து வேறு பெயருக்குப் போயிருக்கும், கம்பெனி மூடியிருக்கும், வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும். உபகார் தீ நடந்ததிலிருந்து இழப்பீட்டின் இறுதித் தொகை முடிவாக 14 வருடம். இரண்டாவது குளம் இல்லாத ஊரில் உடைப்பு நீர் போய்ச் சேர்வது முதலாளி வீட்டுக்கு அல்ல, அடிபட்டவர் வீட்டுக்குத்தான். அப்படிப் பார்த்தால் குடைப் பாலிசியின் உண்மையான பயனாளி, அதில் கையெழுத்தே போடாத ஒருவர்.

அந்த மண்டபத்துக்காரரை அதன்பின் எப்படியோ சம்மதிக்க வைத்தேன். முதல் பாலிசியை உயர்த்தி, மேலே ஒரு அடுக்கும் போட்டார். வெள்ளக் கூடுதலையும் சேர்த்தார். அதற்குத்தான் அதிகம் முனகினார். 2023 வெள்ளத்தின்போது சுற்றுவட்டாரத்து மக்கள் அவர் மண்டபத்தில்தான் தங்கினார்கள். கதவைத் திறந்துவிட்டு, பந்திக்கு வைத்திருந்த அரிசியையும் வடித்துப் போட்டார். இரண்டாம் நாள் இரவு, கரண்ட் இல்லாத நேரத்தில், எனக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, உள்ள எரநூறு பேரு கிடக்காங்க. ஜெனரேட்டர் ஓடுது, அடுப்பு எரியுது. இவங்க யாரும் வாடகைக்கு வந்தவங்க இல்ல. பாலிசி இவங்களுக்கும் உண்டா?"

மறுநாள் காலை அவருடைய பாலிசியின் நகலை எடுத்து வரிவரியாகப் படித்தேன். இடத்தின் பயன்பாடு என்ற கட்டத்தில் 'திருமணம், சடங்கு, கூட்டம்' என்று இருந்தது. நிவாரண முகாம் என்று இல்லை. கூட்டம் என்பதில் அடங்கும் என்று வாதாடலாம். அடங்காது என்றும் வாதாடலாம். ஒரு வார்த்தை சேர்த்துத் தரச் சொல்லி அன்றே கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்து சேர்வதற்குள் தண்ணீர் வடிந்து, ஜனங்கள் சேறு கழுவ அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.